ஏழு நாற்பதுக்கு விமானம் இல்லை

நெய்வேலி
9.2.2025

இளா,

போனில் உன்னோடு ஒழுங்காகச் சண்டைகூடப் போட முடியவில்லை. நான் வாயைத் திறந்தால் "இரு, ப்ளேன் போவுது" என்கிறாய். அது போய் முடிந்ததும் எந்த இடத்தில் விட்டேன் என்று எனக்கே மறந்துவிடுகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் கேட்பதே இல்லை. டைப் பண்ணி அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று வருகிறது. "எதுவா இருந்தாலும் லெட்டர்ல எழுது உமா, நிதானமாப் படிப்பேன்" என்று நீதான் சொன்னாய். சரி, நிதானமாகப் படி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனில் உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ பதில் சொல்வதற்குள் உன் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "சாப்டீங்களா" என்றது. நீ "ஆச்சு" என்றாய். யாருக்குச் சொன்னாய் அதை? எனக்கா, அவளுக்கா? யாரது என்று கேட்டேன். உடனே உனக்கு ப்ளேன் வந்துவிட்டது.

நான்கு வருஷக் கல்யாணத்தில் இரண்டு வருஷம் நீ மெட்ராஸ் ஏர்போர்ட்டில். நம் ஊர் ஏர்போர்ட் திறந்ததும் வந்துவிடுவேன், வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். நானும் குவார்ட்டர்ஸில் ஒருத்திக்கு மட்டும் உலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். நம் ஏர்போர்ட்டைச் சுற்றி முந்திரிக்காடுதான் வளர்கிறது. உன்னைச் சுற்றி என்ன வளர்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பொங்கல் முடிந்து கிளம்பும்போது ஆர்ச் கேட்டில் பஸ் ஜன்னல் பக்கம் நின்று ஒன்று சொன்னேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். அதுவும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே எங்கள் மெடிக்கல் செக்‌ஷனில் நேற்று முழுக்க மைன்ஸ் ஆட்களுக்குக் காது டெஸ்ட். நான் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அனுப்பினேன். சடையப்பன் என்று ஒரு ஆபரேட்டர், சத்தம் கேட்டால் அமுக்க வேண்டிய பட்டனை டெக்னீஷியன் சசிகுமாரின் தோள் அசைவதைப் பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தார். வேலை போய்விடுமோ என்று பயம். நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். ஆம்பிளைகள் பொய் சொல்வதற்கு எவ்வளவு பாடுபடுகிறீர்கள்.

உமாராணி


பொழிச்சலூர்
14.2.2025

உமா,

கவர் மேலே உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பிரித்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

அந்தக் குரல் கிருஷ்ணப்ரியாவுடையது. வீட்டுக்காரர் மகள். நான் இருப்பது அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை ரூம் என்பது உனக்குத் தெரியும். அதே மாடியில் அவள் முப்பது புறா வளர்க்கிறாள். என் பிழைப்பைப் பார். காலையில் ரன்வே ஓரத்தில் வேட்டு வைத்துப் பறவை விரட்டுகிறேன். சாயங்காலம் தெருத் தெருவாகப் போய், கறிக்கடைக் கழிவை வெளியே கொட்டாதீர்கள், பருந்து வருகிறது, புறா வளர்க்காதீர்கள், இன்ஜினுக்குள் போய்விடும் என்று கெஞ்சுகிறேன். ரூமுக்குத் திரும்பினால் என் தலைமாட்டிலேயே முப்பது புறா. ஆபீஸுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள். அவற்றை வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித்தான் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

ப்ளேன் வருகிறது என்று நான் சொல்வதை நீ நம்பவில்லை. ஒரு நாள் வந்து பார். மதில் சுவர், அதை ஒட்டி ஒரு சந்து, சந்தை ஒட்டி வீடு. இங்கே துணி காயப்போடும் பெண்கள் அண்ணாந்து பார்த்தால் ப்ளேனின் வயிற்றில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்துவார்கள். அது போனதும் மீதியைச் சொல்வார்கள். டீக்கடையிலும் அப்படித்தான், கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லும்போதும் அப்படித்தான். யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. முந்திரிக்காட்டுப் பக்கம் இருக்கிற உனக்கு இது புரியாது.

பஸ் ஜன்னலில் நீ சொன்னதற்குச் சிரித்தேன் என்றால் சந்தோஷமாகத்தான் சிரித்திருப்பேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

இளவழகன்


நெய்வேலி
18.2.2025

மரியாதைக்குரிய கணவர் அவர்களுக்கு,

நான் கேட்டது யார் அவள் என்று. தாங்கள் எழுதியிருப்பது புறாவைப் பற்றி. புறா முப்பது என்று எண்ணிப் பார்த்தவருக்கு அவள் வயது என்ன, கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்று எழுதத் தோன்றவில்லை. ஒரு மாதமா, இரண்டு மாதமா, எத்தனை நாளாக அந்தப் புறாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? அதற்குள் அந்தப் புறாக்களே பறந்து போயிருக்குமே.

ஞாயிற்றுக்கிழமை வடக்குத்தில் உங்கள் வீட்டுக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது உன்னைப் பின்னாலிருந்து நாலு முறை கூப்பிட்டார்களாம், நீ திரும்பவே இல்லையாம். "எங்கியோ பாத்துகினு நிக்கிறாம்மா. மனசு இங்க இல்ல அவனுக்கு. வூட்டுக்கு வந்தா வூட்டு நெனப்பு இருக்க வாணாம்?" என்றார்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னவோ நான்தான் உன்னைக் கட்டிப்போடத் தெரியாதவள் என்பது மாதிரி. பெற்ற தாய்க்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

சரி, அது போகட்டும் என்று இருந்தேன். நேற்று என் மேஜைக்கு ஒரு லிஸ்ட் வந்தது. நம் ஊர் ஏர்போர்ட்டில் வேலைக்குக் காண்ட்ராக்டர் எடுத்திருக்கிற பதினாலு பேர். அவர்களுக்கு மெடிக்கல் எங்கள் செக்‌ஷனில். உன் பெயர் முதலில் இருக்கும் என்று தேடினேன். பிறகு கடைசியிலிருந்து தேடினேன். பதினாலு பேரில் ரன்வேயைக் கண்ணால் பார்த்தவன்கூட ஒருவன் இல்லை. சசிகுமாரின் வண்டியில் ஏறிப்போய் ஏர்போர்ட்டில் நின்றுகொண்டிருந்த சூப்பர்வைசரைக் கேட்டேன். "மொத போனே அவருக்குத்தாங்க போட்டோம். வேணாம்னுட்டாருங்க" என்றார்.

இரண்டு வருஷமாக எதற்காகக் காத்திருந்தேனோ அதை நீயே வேண்டாம் என்றிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அந்த முந்திரிக்காட்டுக்கு நடுவில் சசிகுமாருக்கு முன்னால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏன் வேண்டாம் என்றாய்? இதற்கு மட்டும் பதில் எழுது. புறா வேண்டாம்.

உமாராணி


பொழிச்சலூர்
21.2.2025

உமா,

பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்த நாளிலிருந்து நீ என்னை மரியாதையாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பயந்துவிட்டேன்.

நெய்வேலி வேலையை வேண்டாம் என்றது நிஜம். அங்கே சம்பளம் கம்மி, அதுவும் ஆறு மாதக் காண்ட்ராக்ட். ப்ளேன் வருமா என்பதே நிச்சயம் இல்லை. இங்கே இருப்பதை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றால் பிறகு என்ன செய்வேன்? உன் குவார்ட்டர்ஸ் வாசலில் "உமாராணி வீட்டுக்காரர்" என்று உட்கார்ந்திருக்கவா? உன் அப்பா சர்வீஸில் இறந்து உனக்குப் பெர்மனன்ட் வேலை வந்தது. அதில் எனக்குப் பொறாமை இல்லை என்று நான்கு வருஷமாகச் சொல்லி வந்தேன். பொறாமைதான். எங்கள் ஊர் நிலத்தைத் தோண்டிய மைன்ஸில் எங்களுக்குக் காண்ட்ராக்ட்தான் கிடைத்தது. கல்யாணம் ஆன புதிதில் உன் மெடிக்கல் கார்டில் டிபெண்டன்ட் என்று என் பெயரைச் சேர்க்க ஒரு படிவம் கொண்டுவந்தாய். ஞாபகம் இருக்கிறதா? அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. இனியும் போட மாட்டேன்.

இன்னொன்று. நீ ஒரு பெண் குரலைக் கேட்டதற்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டாய். சசிகுமாரின் வண்டியில் ஏறிப் போனதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறாய். பஸ் இல்லையா? ஆட்டோ இல்லையா? அவனுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். பெர்மனன்ட் வேறு. நாள் முழுக்க உனக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறான். நான் ஏதாவது கேட்டேனா?

இளவழகன்


நெய்வேலி
2.3.2025

இளா,

சசிகுமார் பேச்சை எடுத்தால் நான் பயந்து அடங்கிவிடுவேன் என்று நினைத்தாய். அவன் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். உன் கிருஷ்ணப்ரியா உன்னை என்னவென்று கூப்பிடுகிறாள், அதை எழுது.

இப்போது நான் சொல்வதைக் கேள். எந்த ப்ளேன் எப்போது எங்கே பறக்கிறது என்று காட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறது. அதை என் போனில் போட்டு வைத்திருக்கிறேன். உன் ஊருக்கு மேலே ஊர்கிற ஒவ்வொரு மஞ்சள் ப்ளேனையும் பார்த்துக்கொண்டுதான் சமைக்கிறேன், அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். வெட்கம் கெட்ட வேலைதான். பக்கத்து வீட்டு வளர்மதி எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போக டிக்கெட் போடுகிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

போன ஞாயிறு, பிப்ரவரி 23, காலை ஏழு நாற்பதுக்கு உனக்குப் போன் பண்ணினேன். ஒன்றுதான் கேட்டேன். "நெஜமாவே சம்பளத்துக்காகத்தான் வேணாம்னியா?"  நீ "ப்ளேன் போவுது உமா, லெட்டர் போடு" என்று வைத்துவிட்டாய்.

அன்றைக்கு அங்கே கடும் பனி. ஆறரையிலிருந்து எட்டு பத்து வரை ஒரு ப்ளேனும் இறங்கவில்லை, ஒன்றும் ஏறவில்லை. வந்ததையெல்லாம் பெங்களூருக்குத் திருப்பி விட்டார்கள். ஏழு நாற்பதுக்கு உன் தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. போனில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, புறா முனகுகிற சத்தத்தைத் தவிர.

அப்படியானால் இத்தனை நாள் நீ சொன்ன ப்ளேனில் எத்தனை ப்ளேன் பொய்? பழைய போன் நேரங்களையெல்லாம் எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். நாலு பார்த்ததும் நிறுத்திவிட்டேன். நாலில் மூன்று பொய்.

ஆர்ச் கேட்டில் பஸ் ஜன்னலில் நான் சொன்னதை இப்போது எழுதுகிறேன். எனக்கு இனிமேல் மறைக்க மானமும் இல்லை. நீ மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தாய், நான் கீழே நின்று உன் கையைப் பிடித்துக்கொண்டு, "போவாத இளா. எனக்கு ஒண்டியா இருக்க முடியல. வேல இல்லாட்டிப் பரவால்ல, எங்கூடவே இருந்துடு" என்றேன். என் வாயிலிருந்து அந்த மாதிரி வார்த்தை வந்து நீ கேட்டிருக்கிறாயா? நீ சிரித்துக்கொண்டே, "சரி சரி, போய்ச் சேந்ததும் போன் பண்றேன்" என்றாய். பஸ் போய்விட்டது. கொத்துமல்லி விற்கிறவள்கூட என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

அவளோடுதான் இருக்கப் போகிறாய் என்றால் அதை எழுதிவிடு. கையெழுத்துப் போட்டு எழுது. இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் நானே முடிவு பண்ணிக்கொள்கிறேன்.

உமாராணி


பொழிச்சலூர்
7.3.2025

உமா,

பஸ் ஜன்னலில் நீ அப்படிச் சொன்னாய் என்பது எனக்கு இந்தக் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும்.

எனக்குக் காது கேட்கவில்லை.

இதை மூன்று தாளில் மூன்று விதமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், எதிரே நின்று பேசினால் கேட்கும், வாயைப் பார்த்தும் புரிந்துகொள்வேன். போனில் பாதிக்கு மேல் கேட்காது. அன்றைக்குப் பஸ்ஸில் நீ நின்றது என் இடது பக்கம். இன்ஜின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. உன் உதடு அசைந்தது. எல்லாரும் ஜன்னலில் என்ன சொல்வார்கள், பத்திரமாகப் போ, போனதும் போன் பண்ணு என்பார்கள். அப்படி நினைத்துத்தான் சிரித்தேன்.

வேட்டு வைக்கும்போது இரண்டு காதையும் மூட வேண்டும். மூடினால் வாக்கிடாக்கி கேட்காது. கேட்காமல் ஒரு நொடி தாமதித்தால் மேலே இருந்து திட்டு. அதனால் இடது பக்கத்து மூடியை மட்டும் தள்ளிவிட்டுக்கொண்டு இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். இங்கே எல்லாருமே அப்படித்தான் செய்கிறோம். தீபாவளிக்கு முன்னாலேயே குறைய ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் காது கேட்காதவனைக் கண்டுபிடிக்கவே முடியாது உமா. எல்லாரும் பாதிப் பேச்சில் நிறுத்துகிறார்கள், எல்லாரும் கத்திப் பேசுகிறார்கள், எல்லாரும் "என்ன? என்ன?" என்கிறார்கள். ப்ளேன் போவுது என்று சொன்னால் போதும், அதோடு கேள்வி நின்றுவிடும். உன்னிடமும் அதையே சொல்லிப் பழகிவிட்டேன். நீ ப்ளேனை எண்ணிப் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை.

கிருஷ்ணப்ரியாவுக்கு வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஸ்கூலில் டீச்சர். அண்ணா என்று கூப்பிடுகிறாள். போன அக்டோபரில் ஒரு நாள் மாடித் தொட்டி நிரம்பி என் முதுகுக்குப் பின்னாலேயே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, நான் திரும்பிப் பார்க்காமல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஓடி வந்து மோட்டாரை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். புறாவைப் பற்றி ஆபீஸில் சொல்லாமல் இருக்கிறேன், நீ இதைச் சொல்லாதே என்று ஒப்பந்தம். அதன் பிறகு, சாயங்காலம் உன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போடுவேன். நீ சொல்வதைக் கேட்டு அவள் என் எதிரே உட்கார்ந்து சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துத் திருப்பிச் சொல்வாள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டாயா என்று கேட்டது நீதான். அவள் உன் கேள்வியைத்தான் சொன்னாள், அன்றைக்கு வாய் தவறிச் சத்தமாக வந்துவிட்டது. நீ ஒரு தடவை ஏதோ கொஞ்சலாகப் பேசியிருக்கிறாய் போல. அன்று மட்டும் முகம் சிவந்து, "இத நீங்களே அவங்கள்ட்ட கேட்டுக்குங்கண்ணா" என்று எழுந்து போய்விட்டாள்.

நெய்வேலி வேலைக்குப் போன் வந்தபோது குதித்தேன். மெடிக்கல் எங்கே என்று கேட்டேன். உன் செக்‌ஷன் என்றார்கள். நீ பெயர் கூப்பிடுவாய், நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போவேன், சடையப்பனை மாதிரி யார் தோளையாவது பார்த்துப் பட்டன் அமுக்குவேன், நீ கண்டுபிடித்துவிடுவாய். பெர்மனன்ட் உமாராணிக்கு வேலையில்லாத, செவிட்டுப் புருஷன். அதற்கு வேண்டாம் என்று சொல்வதே மேல் என்று தோன்றியது. எனக்கு வேறு யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

இளவழகன்


நெய்வேலி
12.3.2025

இளா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் லீவு போட்டு அழுதேன். உன் காதுக்காக மட்டும் அழுதேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் உன்னிடம் பேசிய பேச்செல்லாம் இன்னொருத்தி வாய் வழியாக உன்னிடம் வந்திருக்கிறது. நான் கொஞ்சியதைக்கூட அவள்தான் கேட்டிருக்கிறாள், நீ கேட்கவில்லை. உங்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை என்று நம்புகிறேன். நம்பியும் வயிறு எரிகிறது. என் புருஷனுக்குக் காது கேட்காது என்பது ஐந்து மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நீ அவளைக் கட்டிக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு பொறாமைப்பட்டிருக்க மாட்டேன் போல.

அவள் மேல் எரிந்து முடித்ததும் என் மேல் எரிச்சல் வந்தது. ஏழு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பேசுகிறவர் வாயையே பார்ப்பது, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது, புரியாவிட்டால் சிரித்து வைப்பது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் நிற்பது. இப்படி ஒருவர் கதவைத் தாண்டி வந்தாலே டெஸ்ட் வேண்டாம், நானே சொல்லிவிடுவேன் என்று சசிகுமாரிடம் பீற்றிக்கொள்வேன். பொங்கலுக்கு நான்கு நாள் நீ இதையெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் செய்தாய். நான் வேறு வாசனை வருகிறதா என்று உன் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். இதோடு டிபெண்டன்ட் படிவம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அந்த வார்த்தை உனக்குப் பிடிக்காது. வேறு வார்த்தை படிவத்தில் இல்லை, என்னிடமும் இல்லை. சாயங்காலமானால் ப்ளேனை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு என்ன பெயர் வைப்பாய்? நானும் உனக்கு டிபெண்டன்ட்தான். எனக்குப் படிவம் கிடையாது, அவ்வளவுதான். இடது காதுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். வலது காதுக்கு மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் சொல்கிறார். ஏர்போர்ட் வேலை இல்லாவிட்டால் வேறு வேலை பார்க்கலாம். அதைப் பிறகு சண்டை போட்டுப் பேசிக்கொள்வோம், எதிரெதிரே உட்கார்ந்து.

24ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் செக்‌ஷனுக்கு வந்துவிடு. டெஸ்ட் எடுக்கப்போவது சசிகுமார். உனக்குக் கசக்கும். கிருஷ்ணப்ரியாவை நான் விழுங்கியது மாதிரி நீ இவனை விழுங்கு. உன் பெயரை நான்தான் கூப்பிடுவேன். பெட்டிக்குள் போனதும் கேட்டால் பட்டனை அமுக்கு, கேட்காவிட்டால் சும்மா உட்கார்ந்திரு. யார் தோளையும் பார்க்காதே. என் முகத்தைப் பார்த்து அமுக்கலாம் என்றும் நினைக்காதே. அன்றைக்கு நான் உனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரப் போகிறேன்.

முடிந்ததும் வெளியே வா. உன் வலது பக்கம் வந்து நின்று, பஸ் ஜன்னலில் சொன்னதை இன்னொரு தடவை சொல்கிறேன். இந்த முறை சிரிக்காமல் பதில் சொல்.

உமா

பி.கு. கிளம்பும்போது கிருஷ்ணப்ரியாவிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல். மாடியில் வைத்துச் சொல்ல வேண்டாம். கீழே, அவள் அப்பா அம்மா இருக்கும்போது சொல்.